சாம்பல் நிறப் பொத்தான்

கண்ணாடிக்கடைக்காரரிடம் புதுக் கண்ணாடி வாங்கிப் போனவர் மறுநாளே திரும்பி வந்து, தரை மேடாகத் தெரிகிறது, படி இறங்கப் பயமாக இருக்கிறது என்று முறையிட்டால் அவர் பதறமாட்டார். கண்ணாடியை வாங்குவார். வெளிச்சத்துக்கு நேராக உயர்த்திப் பார்ப்பார். மஞ்சள் துணியால் துடைத்து, மூக்கில் உட்காரும் இடத்தைச் சற்றே நெருக்கித் திருப்பிக் கொடுப்பார்.

"ஒரு வாரம் போட்டுப் பாருங்க. கண்ணு பழகிடும்."

பாதிப் பேருக்கு உண்மையிலேயே பழகிவிடும். மீதிப் பேருக்கு லென்ஸைத் தேய்க்கும்போதே அச்சு விலகியிருக்கும். யார் எந்தப் பாதி என்று அவருக்கே தெரியாது, தெரிந்துகொள்ள அவர் மெனக்கெட்டதும் கிடையாது. ஒரு வாரம் கழித்துத் திரும்பி வராதவர் எல்லோரையும் பழகிப்போனவர்கள் கணக்கில் சேர்த்துவிடுவார். இப்படியொரு வித்தையைக் கையில் வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் கடை நடத்திய மனிதரை இன்னொருத்தர் அதே வித்தையைக் காட்டி ஏமாற்றிவிட முடியுமா? முடியாது என்றுதான் அவரும் நினைத்திருந்தார்.

கடைக்குப் பின்னால்தான் வீடு. நடுவே ஒரு பச்சைத் திரை. திரைக்கு அந்தப் பக்கம் அவர் மனைவி இருப்பார். கடையில் நடக்கும் பேச்செல்லாம் அவர் காதில் விழும். கொஞ்ச நாளாக அந்த அம்மாவின் வலது கண்ணில் புரை விழுந்து, எரிகிற விளக்கைச் சுற்றி வட்டம் வட்டமாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. இடது கண் ஏற்கெனவே சுமார்தான். கண் டாக்டர் பார்த்துவிட்டு மூன்று மாதத்துக்குள் ஆபரேஷன் செய்துவிடுவது நல்லது என்றார். உள்ளே வைக்கிற லென்ஸில் இரண்டு வகை இருக்கிறதாம். சாதாரண லென்ஸ் வைத்தால் தூரத்துப் பார்வை தெளிவாகிவிடும், படிக்க மட்டும் கண்ணாடி வேண்டும். உயர்ரக லென்ஸ் வைத்தால் கண்ணாடியே வேண்டாம். சாதாரணமே போதும் என்று டாக்டர் சொன்னார். வீட்டில் சேர்த்து வைத்திருந்த பணமும் சாதாரணத்துக்குச் சரியாக இருந்தது.

கண்ணாடிக்கடைக்காரருக்குத்தான் மனசு கேட்கவில்லை. ஊருக்கெல்லாம் லென்ஸ் விற்கிறவன் பெண்டாட்டிக்குச் சாதாரண லென்ஸா? நாளைக்கு நாலு பேர் கேட்டால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? யாரும் கேட்கப்போவதில்லை என்பது அவருக்குத் தெரியும். இருந்தாலும் அவராகவே அந்த நாலு பேரைக் கற்பனை செய்துகொண்டு அவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து மச்சினன் வந்து சேர்ந்தான். மனைவியின் தம்பி. தண்ணீர் சுத்தம் செய்யும் கருவி, முதுகுவலியைப் போக்கும் காந்த மெத்தை, வண்ண மீன் வளர்ப்பு என்று பலதும் விற்றுப் பார்த்தவன். இப்போது கையில் செல்போனைத் தவிர வேறு எதுவும் இல்லாமல் வந்திருந்தான். அதுவே அவன் முன்னேறிவிட்டதற்கு அடையாளம் என்று கண்ணாடிக்கடைக்காரர் எடுத்துக்கொண்டார்.

"மாமா, பேங்க்ல போட்டா பணம் தூங்கும். இங்க பூட்டி வச்சா வேலை செய்யும்" என்றான் மச்சினன்.

பூட்டி வைத்தது எப்படி வேலை செய்யும் என்று கண்ணாடிக்கடைக்காரர் கேட்டார். மச்சினன் சிரித்தான். தனக்கும் விஷயம் தெரியும் என்று காட்டிக்கொள்ள அவரும் கூடவே சிரித்தார். பிற்பாடு யோசித்துப் பார்க்கும்போது, தன் ஆயுளிலேயே அதிக விலை கொடுத்துச் சிரித்த சிரிப்பு அதுதான் என்று அவருக்குப் புரிந்தது.

கையில் தொட முடியாத, கம்ப்யூட்டரில் மட்டும் புழங்கும் காயின் அது, பெயர் நங்கூரம். செல்போனில் அதற்கென்று ஒரு பணப்பை, வாலட் என்றான். அதைத் திறந்தால் நீல நிறத்தில் ஒரு நங்கூரம் மெல்லச் சுழலும். பணத்தைக் கொடுத்துக் காயின் வாங்க வேண்டும், வாங்கிய காயினை மூன்று மாதத்துக்குப் பூட்ட வேண்டும். இதற்கு ஸ்டேக்கிங் என்று பெயர். பூட்டி வைத்திருப்பதற்குச் சன்மானமாக மேலும் காயின் கொடுப்பார்கள், அதையும் சேர்த்துப் பூட்டிவிடுவார்கள். மாட்டைக் கட்டிப்போட்டால் கன்று கிடைக்கும், கன்றையும் அதே கயிற்றில் கட்டிவிடுவோம் என்கிற மாதிரி. மூன்று மாதம் என்றதும் கண்ணாடிக்கடைக்காரருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. டாக்டர் சொன்னதும் மூன்று மாதம், இவர்கள் சொல்வதும் மூன்று மாதம். இதைவிடப் பொருத்தம் வேறு என்ன வேண்டும்?

ஆபரேஷனுக்குச் சேர்த்த பணத்தை அதில் போட்டு, வருகிற லாபத்தில் உயர்ரக லென்ஸே வைத்துவிடலாம் என்று மனைவியிடம் மறைக்காமல் சொன்னார். எனக்கு எந்த லென்ஸாக இருந்தாலும் சரி, தேதி மட்டும் தள்ளிப் போகக்கூடாது என்றார் அந்த அம்மா. வாலட்டைத் திறப்பதற்குப் பன்னிரண்டு ரகசிய வார்த்தைகள் கொடுத்திருந்தார்கள். எங்கும் எழுதி வைக்கக்கூடாது, மனப்பாடம் செய்ய வேண்டும் என்பது விதி. கண்ணாடிக்கடைக்காரருக்கு நாலாவது வார்த்தையிலேயே நாக்கு குழறியது. கடைசியில் மனைவிதான் மனப்பாடம் செய்தார். குடை, ஏணி, தவளை, சுண்ணாம்பு, கதவு என்று துணி மடிக்கும்போதெல்லாம் அந்த அம்மா முணுமுணுப்பது திரையைத் தாண்டிக் கேட்கும். கண்ணாடி வாங்க வந்த ஒருத்தர், உள்ளே யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கவலையோடு விசாரித்துவிட்டுப் போனார்.

பூட்டிய முதல் மாதமே ஒரு கூட்டம் நடந்தது. நாற்காலி மேஜை விற்கும் கடையின் மாடியில் ஒரு பெரிய அறை. மேடையில் வளர்ச்சித் தலைவர் நின்றார். கழுத்துப் பட்டன் இல்லாத சட்டை, காதோரம் மைக். வயது முப்பது இருக்கும். காயினை நாளுக்கு நாள் வளர்த்துக்கொண்டிருப்பது இவருடைய வேலை. எப்படி வளர்க்கிறார் என்று யாரும் பார்த்ததில்லை, ஆனால் களைத்துப்போய்த் தெரிந்தார்.

"இங்க ஒருத்தர்கூட முதலீட்டாளர் கிடையாது" என்று ஆரம்பித்தார் அவர். "முதலீட்டாளர்னா லாபம் கேப்பாரு. நீங்கள்லாம் குடும்பம். குடும்பத்துக்குள்ள யாராவது கணக்கு கேப்பாங்களா?"

தன் வீட்டில் தினமும் கேட்கிறார்களே என்று கண்ணாடிக்கடைக்காரர் நினைத்தார். ஆனால் அறையே கைதட்டியது. அவரும் தட்டினார்.

நடுவரிசையிலிருந்து ஒரு பஸ் டிரைவர் எழுந்தார். சுற்றி வளைக்காமல், பணத்தை எப்போது எடுக்கலாம் என்று கேட்டார். வளர்ச்சித் தலைவர் முகம் சுளிக்கவில்லை. மேடையை விட்டு இறங்கி வந்து டிரைவரின் தோளில் கை வைத்தார்.

"அருமையான கேள்வி. இதே கேள்வியைத்தான் நாங்களும் எங்களுக்குள்ள கேட்டுக்கிட்டே இருக்கோம். இது முடிஞ்சுபோன காயின் கிடையாதுங்க. வளர்ந்துக்கிட்டே இருக்கற காயின். ஒண்ணு சொல்றேன், எழுதி வச்சுக்குங்க. இந்த வேலையை நாங்க என்னைக்குமே முடிக்கமாட்டோம்."

இந்த முறை எழுந்து நின்று தட்டினார்கள். டிரைவரும் தட்டினார். தன்னைத் தட்டிக்கொடுத்தவருக்கு எப்படிக் கை தட்டாமல் இருப்பது?

மூன்று மாதம் முடிந்த அன்று காலையில் கண்ணாடிக்கடைக்காரர் பல் விளக்கிய கையோடு வாலட்டைத் திறந்தார். நங்கூரம் சுழன்றது. கீழே இரண்டு பொத்தான்கள். 'சேர்க்க' என்கிற பொத்தான் பச்சைப் பசேலென்று மின்னியது. 'எடுக்க' என்கிற பொத்தான் சாம்பல் நிறத்தில் இருந்தது. அதைத் தொட்டார், அசையவில்லை. அழுத்தினார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். சாம்பல், சாம்பலாகவே இருந்தது.

வேறு யாராவதாக இருந்தால் அந்த நிமிஷமே மச்சினனைத் தேடி ஓடியிருப்பார்கள். இவர் தொழில் தெரிந்தவர் அல்லவா? கோளாறு தன் கண்ணில்தான் என்று முடிவு செய்தார். நிறக்குருடு வயசான பிறகும் வருவதுண்டு என்று எங்கோ கேள்விப்பட்டிருந்தார். கடையைத் திறந்ததும் முதல் வேலையாக, வண்ணப் புள்ளிகளுக்கு நடுவே எண் ஒளிந்திருக்குமே, அந்தச் சோதனைப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு தன்னையே சோதித்தார். ஒரு கண்ணை மூடி ஒரு முறை, மறு கண்ணை மூடி ஒரு முறை. எல்லா எண்களும் பளிச்சென்று தெரிந்தன. தனக்கு நிறக்குருடு இல்லை என்று தெரிந்து ஒரு மனிதன் இவ்வளவு ஏமாற்றமடைந்திருக்க மாட்டான்.

உதவி மையத்துக்கு எழுதினார். உங்கள் பொத்தான் சரியாகவே இயங்குகிறது, சாம்பலும் ஒரு நிறமே என்று பதில் வந்தது. மறுபடி எழுதினார். பூட்டுக்காலம் நடக்கும்போது எடுக்க முடியாது என்றும், அது முடிந்ததும் தானாகவே அடுத்த பூட்டுக்காலம் தொடங்கிவிடும் என்றும், இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு, அந்த நேரத்தில் தாராளமாக எடுக்கலாம் என்றும் விளக்கம் வந்தது. அந்த இடைவெளி எப்போது வரும் என்று கேட்டார். இடைவெளி தற்போது வளர்ச்சியில் இருக்கிறது என்றார்கள்.

மச்சினனைக் கூப்பிட்டுக் கேட்டார். அவன் கொஞ்சம் மென்று விழுங்கிவிட்டு, நல்லதாகப் போயிற்று மாமா, இன்னும் மூன்று மாதத்துக்குச் சன்மானம் சேரும் என்றான். கண்ணாடிக்கடைக்காரர் மனைவியிடம் போய், ஒரு சின்ன தாமதம், ஒரு வாரம் பொறுத்துக்கொள் என்றார். அந்த அம்மா சரி என்றார். டாக்டரிடம் தேதியை மாற்றிக் கேட்டார்கள்.

இதற்கிடையே வாலட்டின் செயல்திறன் அறிக்கை மாதம் தவறாமல் வந்துகொண்டிருந்தது. பச்சைக் கோடு மலையேறுகிற மாதிரி ஏறிக்கொண்டே போனது. எதை வைத்து அளக்கிறார்கள் என்று கீழே பொடி எழுத்தில் இருந்தது. கண்ணாடிக்கடைக்காரர் கடையில் இருப்பதிலேயே பெரிய பூதக்கண்ணாடியை வைத்து அதைப் படித்தார். ஒரு நங்கூரத்தின் மதிப்பை நங்கூரத்தாலேயே அளக்கிறார்களாம். அன்றைக்கும் ஒரு நங்கூரத்துக்கு ஒரு நங்கூரம், இன்றைக்கும் அதே விலை. இத்தனை உறுதியான காயின் உலகத்திலேயே கிடையாது என்று அடிக்கோடிட்டுச் சொல்லியிருந்தார்கள். இன்னொன்றும் இருந்தது. வாலட்டை அடிக்கடி திறந்து பார்த்தால் செயல்திறன் மதிப்பெண் குறையும். பார்க்காமலே இருந்தால் ஏறும். அன்றிலிருந்து கண்ணாடிக்கடைக்காரர் வாலட்டைத் திறப்பதை விட்டுவிட்டார். மதிப்பெண் கிடுகிடுவென்று ஏறியது. பள்ளிக்கூடத்தில்கூட அவர் இவ்வளவு வாங்கியதில்லை.

அவர் திறப்பதை விடுவதற்கு முன்பே வாலட்டுக்குப் புதுப் புதுப் பதிப்பும் வந்துகொண்டிருந்தது. முதல் பதிப்பில் பணத்துக்கு மேலே 'இருப்பு' என்று போட்டிருந்தது. அடுத்ததில் 'நம்பிக்கை' என்று மாறியது. அதற்கடுத்ததில் 'பங்களிப்பு'. இந்தக் கடைசி வார்த்தை மட்டும் அவருக்குக் கொஞ்சம் உறுத்தியது. ஆனால் அந்தப் பதிப்பில் நங்கூரம் முன்னைவிட அழகாகச் சுழன்றது.

வீட்டில் நிலைமை அப்படி அழகாகச் சுழலவில்லை. மனைவி தம்ளருக்குப் பக்கத்தில் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்திருந்தார். ஊசியில் நூல் கோப்பதை விட்டுவிட்டார். ஒருநாள் பாத்திரம் இருக்கிறது என்று நினைத்து அடுப்பின் மேல் கையை வைத்துவிட்டார். உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. கண்ணாடிக்கடைக்காரர் மருந்து தடவினார். அந்த அம்மா வலியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. டாக்டர் வேறு தேதி கொடுத்துவிட்டாரா என்று மட்டும் கேட்டார். கண்ணாடிக்கடைக்காரருக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. மறுநாளே கடையைப் பூட்டிவிட்டு, என் பணத்தைக் கொடு என்று கேட்டே தீர்வது என்ற வைராக்கியத்தோடு கூட்டம் நடந்த அதே மாடியில் இருந்த நங்கூரம் அலுவலகத்துக்குக் கிளம்பினார்.

வழியெல்லாம் பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனார். கோபமாக ஆரம்பித்து, குரலை உயர்த்தி, கடைசியில் மேஜையில் ஒரு தட்டுத் தட்டுவதாக ஏற்பாடு. ஆனால் அலுவலகக் கதவைத் திறந்ததும் வளர்ச்சித் தலைவரே எழுந்து ஓடிவந்து கட்டிக்கொண்டார். நாங்களே உங்களைத் தேடிக்கொண்டிருந்தோம் என்றார். நாட்டிலேயே திறக்கப்படாத வாலட்டுகளில் இவருடையது முதல் வரிசையில் இருக்கிறதாம். ஒரு முறைகூட எடுக்கவில்லையாம். இப்படியொரு நெஞ்சுறுதியை அவர்கள் பார்த்ததே இல்லையாம். எடுக்கத்தானே வந்திருக்கிறேன் என்று சொல்ல இவர் வாயைத் திறப்பதற்குள் சட்டையில் நங்கூரம் பொறித்த பேட்ஜைக் குத்திவிட்டார்கள். உறுதிக் குழுவில் உங்களுக்கு ஓர் இடம் என்று சொல்லி ஒரு சுழல் நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

நாற்காலி நல்ல நாற்காலி. முதுகுக்கு இதமாக இருந்தது. மேஜையைத் தட்டுவதற்கு அது கொஞ்சம் தள்ளியும் இருந்தது. ரொம்ப சந்தோஷம் என்று அசடு வழிந்தார் கண்ணாடிக்கடைக்காரர். சொல்லிவிட்டு, உண்மையிலேயே சந்தோஷமாக இருப்பதையும் கண்டுபிடித்தார். அவரை இதுவரை யாரும் எந்தக் குழுவிலும் சேர்த்ததில்லை.

உறுதிக் குழுவின் வேலை, பணத்தை எடுக்க விரும்புகிறவர்களின் சிறப்பு விடுவிப்பு விண்ணப்பங்களைப் பரிசீலிப்பது. நியாயம் கெடக்கூடாது என்பதற்காக விண்ணப்பித்தவரின் பெயர் காட்டப்படமாட்டாது. எழுத்தும் எண்ணுமாக நீளமாக ஒரு வால் போல வாலட் முகவரி மட்டும் திரையில் வரும். அதைத் தன்னுடையது என்று அடையாளம் காணக்கூடிய மனிதன் இன்னும் பிறக்கவில்லை. விண்ணப்பத்தில் எழுதுகிற காரணத்தையும் அப்படியே காட்டமாட்டார்கள். வாலட்டே அதைப் படித்துப் பார்த்து, பயம், அவசரம், பிறர் பேச்சைக் கேட்டல் என்ற மூன்றில் ஒன்றாகச் சுருக்கிவிடும். நான்காவது காரணம் எதுவும் மனித வாழ்க்கையில் கிடையாது என்று வளர்ச்சித் தலைவர் விளக்கினார்.

குழுவில் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை ஒருவர் இருந்தார். இன்னொரு நாற்காலியில் பஸ் டிரைவர் இருந்தார். ஆமாம், அதே டிரைவர்தான். இப்போது அவர் சட்டையிலும் பேட்ஜ். இருப்பவர்களிலேயே கறாரான ஆள் அவர்தான். நடுவழியில் இறங்க நினைக்கிறவனுக்கெல்லாம் கதவைத் திறந்துகொண்டிருந்தால் வண்டி எப்போது போய்ச் சேருவது என்பார். இவர்களுக்கு விண்ணப்பம் போட உரிமை இல்லையா என்றால், தாராளமாக உண்டு. ஆனால் குழு உறுப்பினரே விண்ணப்பித்தார் என்று வெளியே தெரிந்தால் காயின் ஆட்டம் கண்டுவிடும் என்று தலைவர் முதல் நாளே கவலைப்பட்டிருந்தார். அதனால் தன் விஷயத்தை அடுத்த கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம் என்று கண்ணாடிக்கடைக்காரர் ஒவ்வொரு கூட்டத்திலும் நினைத்துக்கொண்டார். பேட்ஜைத் தினமும் மஞ்சள் துணியால் துடைத்தார். மனைவிக்குக் காட்டினார். அந்த அம்மா அதைக் கண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, கொக்கி மாதிரி இருக்கிறது என்றார்.

அன்றைய கூட்டத்தில் ஒரே ஒரு விண்ணப்பம் வந்தது. நீளமான முகவரி. காரணம் என்ற இடத்தில் 'அவசரம்' என்று மட்டும் இருந்தது. டிரைவர் பார்த்த மாத்திரத்தில் கூடாது என்றார். தலைமை ஆசிரியை மட்டும் தயங்கினார்.

"அவசரம்னு போட்டிருக்கே. என்ன அவசரமோ, பாவம். குடுத்துடலாங்க" என்றார்.

ஓட்டு சமமாக நின்றது. எல்லோரும் கண்ணாடிக்கடைக்காரரைப் பார்த்தார்கள். அவர் நாற்காலியில் லேசாக அப்படியும் இப்படியும் சுழன்று யோசித்தார். ஒருத்தர் எடுத்தால் பத்துப் பேர் எடுப்பார்கள். பொதுப் பணம் குறையும். குறைந்தால் தன் பூட்டுத் திறக்கிற நாள் இன்னும் தள்ளிப் போகும். வீட்டிலே ஒருத்தி தம்ளரைத் தடவிக்கொண்டிருக்கிறாள். முகம் தெரியாத யாரோ ஒருவருடைய அவசரத்துக்காகத் தன் மனைவியின் கண்ணை விட்டுக்கொடுக்க முடியுமா? முடியாது என்று நெஞ்சைத் தொட்டு முடிவு செய்தார். முடிவு சொல்லும்போது நாலு நல்ல வார்த்தையும் சொல்ல வேண்டும் அல்லவா? தன் தொழிலிலிருந்தே ஒன்றை எடுத்துக்கொடுத்தார்.

"புதுசா கண்ணாடி போட்டா முதல்ல எல்லாமே கோணலாத்தான் தெரியும். அதுக்காகக் கழட்டிடக்கூடாது. ஒரு வாரம் போட்டுப் பாருங்க. பழகிடும். அவருக்கு இதையே பதிலா அனுப்பிடுங்க."

வளர்ச்சித் தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. நாங்கள் இத்தனை நாள் சொல்ல வந்ததும் இதுதான், எங்களுக்குத்தான் சொல்லத் தெரியவில்லை என்றார். இனி சாம்பல் நிறப் பொத்தானை அழுத்தினால் இந்த வாசகமே வருகிற மாதிரி செய்யப்போவதாக அங்கேயே அறிவித்தார். காயினின் உறுதியைக் காத்ததற்காகக் கண்ணாடிக்கடைக்காரருக்குச் சிறப்புச் சன்மானமும் வழங்கப்பட்டது. அது அவர் வாலட்டில் சேர்ந்து பூட்டிக்கொண்டது.

வீட்டுக்குள் நுழையும்போதே மச்சினன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். மனைவி அவனுக்கு எதிரே, கொப்பளம் ஆறாத கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இருவர் முகத்திலும் ஈயாடவில்லை. என்ன விஷயம் என்று கேட்டார். மச்சினன் அக்காவைப் பார்த்தான். அக்காதான் சொன்னார். டாக்டர் இனித் தள்ளிப்போட வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். புரை முற்றினால் சிக்கலாகிவிடுமாம். அதனால் தம்பியின் போனில் அந்தப் பன்னிரண்டு வார்த்தையையும் வரிசை மாறாமல் சொல்லி வாலட்டைத் திறந்து, கண் ஆபரேஷன் என்று விவரமாக எழுதி விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள்.

"உங்ககிட்ட சொல்லலை" என்றார் அந்த அம்மா. "நீங்க குழுவுல இருக்கறவரு. நமக்குன்னு கேக்கக் கூச்சப்படுவீங்க. அதான் நானே போட்டேன். இப்பத்தான் பதில் வந்துச்சு. டேய், அதை மாமாவுக்குப் படிச்சுக் காட்டு."

கண்ணாடிக்கடைக்காரர் அங்கேயே நின்றார். வேண்டாம் என்று கையை உயர்த்தினார். மச்சினன் படித்தான். புதுசாகக் கண்ணாடி போட்டால் முதலில் எல்லாமே கோணலாகத்தான் தெரியும் என்று ஆரம்பித்தபோது அவன் சாதாரணமாகத்தான் படித்தான். ஒரு வாரம் என்ற இடத்துக்கு வரும்போது அவன் குரல் தேய்ந்தது. படிப்பதை நிறுத்திவிட்டு, மாமாவின் சட்டையில் இருந்த பேட்ஜைப் பார்த்தான்.

மிச்சத்தை அந்த அம்மாவே சொல்லி முடித்தார். அதை அவருக்கு யாரும் படித்துக்காட்ட வேண்டியதில்லை.

"பழகிடும்" என்றார். "இத்தனை வருஷமா திரைக்கு இந்தப் பக்கம் உக்காந்து தினமும் கேட்டுக்கிட்டிருக்கேன். எனக்குத் தெரியாதா?"

அதற்கு மேல் அவர் கத்தவில்லை, அழவில்லை. சிரித்தார். முதலில் மெல்ல, பிறகு அடக்க முடியாமல். மச்சினனும் சிரிக்கலாமா என்று யோசித்தான். அந்தச் சிரிப்பு எங்கே முடியும் என்று பயந்துகொண்டு கண்ணாடிக்கடைக்காரர் நின்றுகொண்டே இருந்தார். அது முடிந்தபோது அந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாப்பிட வாருங்கள் என்றார். அப்போதுதான் கண்ணாடிக்கடைக்காரருக்கு நிஜமாகவே வெட்கம் வந்தது. யாரோ தன்னை ஏமாற்றினார்கள் என்று சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லாமல் போய்விட்டது. தன் பணத்தைத் தனக்கே இல்லையென்று சொல்லி, அதற்குச் சன்மானமும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். இதற்குமேல் ஒரு மனிதன் தன்னைத்தானே என்ன செய்துகொள்ள முடியும்?

மறுநாள் பேட்ஜைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய் ராஜினாமா செய்கிறேன் என்றார். வளர்ச்சித் தலைவர் வருத்தப்பட்டார். ராஜினாமா வசதி இன்னும் வளர்ச்சியில்தான் இருக்கிறது என்றார். வந்ததும் முதல் ஆளாக அவருக்கே தெரிவிப்பதாக வாக்குக் கொடுத்தார். இந்தத் தடவை கண்ணாடிக்கடைக்காரர் ஒத்திகை பார்த்தபடியே மேஜையை ஒரு தட்டுத் தட்டினார். மேஜை மாடிக்குக் கீழே இருக்கும் கடையிலிருந்து வாடகைக்கு எடுத்தது என்றும், தயவுசெய்து பார்த்துத் தட்டும்படியும் கேட்டுக்கொண்டார்கள். டிரைவர் அவர் பக்கம் திரும்பவே இல்லை. தலைமை ஆசிரியை மட்டும் வாசல்வரை வந்து, அந்த விண்ணப்பம் உங்களுடையதுதானா, யாருக்கு என்ன அவசரம் என்று மெதுவாக விசாரித்தார். சொன்னார். விவரம் கேட்டதும் ஆசிரியை அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய பணமும் உள்ளேதான் இருந்தது.

கடையில் கண்ணின் பவரைத் தானாகவே கணக்கிடும் மெஷின் ஒன்று இருந்தது. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அவர் பெருமையடித்துக்கொண்டிருந்த மெஷின். அதை விற்றார். இனிமேல் பழையபடி மரப்பெட்டியிலிருந்து ஒவ்வொரு லென்ஸாக எடுத்துப் போட்டு, இது தெளிவா, அது தெளிவா என்று கேட்டுத்தான் பார்க்க வேண்டும். வந்த பணம் சாதாரண லென்ஸுக்குச் சரியாக இருந்தது. அந்த நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, அவர்களை மனசிலிருந்து வெளியே அனுப்பினார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் காலையில் டாக்டர் கட்டைப் பிரித்தார். கண்ணாடிக்கடைக்காரர் சுவரோரமாக நின்றார். சட்டைப் பையில் போன் ஒரு முறை அதிர்ந்தது. இந்த மாதச் செயல்திறன் அறிக்கை, நூற்றுக்கு நூறு. அவர் எடுத்துப் பார்க்கவில்லை. மதிப்பெண் இன்னும் கொஞ்சம் ஏறியிருக்கும்.

எதிரே இருந்த பலகையைப் படிக்கச் சொன்னார் டாக்டர். அந்த அம்மா பெரிய எழுத்திலிருந்து ஆரம்பித்து, கடைசி வரியின் பொடி எழுத்துவரை தடங்கலில்லாமல் படித்தார். டாக்டருக்குத் திருப்தி. கண்ணாடிக்கடைக்காரருக்கு அங்கேயே உட்கார்ந்து அழுதுவிடலாம் போல இருந்தது. எல்லாம் சரியாகத் தெரிகிறதா என்று டாக்டர் இன்னொரு தடவை கேட்டார்.

அந்த அம்மா பலகையிலிருந்து கண்ணை எடுத்து, சுவரோரம் நின்றவரை உச்சியிலிருந்து பாதம்வரை நிதானமாகப் பார்த்தார்.

"எழுத்தெல்லாம் நல்லாத் தெரியுது டாக்டர். இவருதான் கொஞ்சம் கோணலாத் தெரியறாரு."

டாக்டர் பதறிப்போய் டார்ச்சை எடுத்துக்கொண்டு குனிந்தார்.

"பரவாயில்லைங்க" என்றார் அந்த அம்மா. "ஒரு வாரம் வச்சுப் பாக்கறேன். பழகிடும்."